ஜப்பானியம் தெரியாமல் ஜப்பானில் நகைச்சுவையும் இசை நாடகமும் பார்ப்பது எப்படி: முழு வழிகாட்டி

டோக்கியோவில் முதல் முறை ஒரு சிரிப்பு மேடைக்குப் போனபோது எனக்குத் தெரிந்த ஜப்பானியம் மொத்தமே நான்கு வாக்கியம். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், கழிப்பறை எங்கே. மேடையில் ஒரு மெத்தை. அதில் கிமோனோ அணிந்த ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அரங்கமே குலுங்கியது. நான் மட்டும் முழித்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரம் கழித்துத்தான் பக்கத்து இருக்கைப் பெரியவரைக் கவனித்தேன். மேடையில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் உதடு அந்த வரியைச் சொல்லி முடித்திருந்தது. கதை முழுக்க அவருக்கு மனப்பாடம். அப்படியும் சரியாக அதே இடத்தில் வெடித்துச் சிரித்தார். எனக்கு விஷயம் பிடிபட்டது அப்போதுதான். இந்த மேடைகளில் முக்கால்வாசி சிரிப்பு, முன்பே தெரிந்த ஒன்று மறுபடி சரியாக வந்து விழும்போது வரும் சிரிப்பு. அப்படியானால் மொழி தெரியாத நாமும் அந்த 'முன்பே தெரிந்ததை' ஓரளவு தெரிந்துகொண்டு போனால் போதும். ஜப்பானியம் கற்கப் பல வருடம் ஆகும். இதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

முதலில், எந்த மேடை?

வெளியூர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. 'ஜப்பானிய நகைச்சுவை' என்று தேடி, முதலில் கண்ணில் படுவதற்கு டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். எல்லா மேடையும் மொழியை ஒரே அளவில் கேட்பதில்லை. எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகும் என் வரிசை இது.

மிக எளிது கியோகென். 'நோ' என்ற பழைய முகமூடி நாடகங்களுக்கு நடுவே நடிக்கப்படும் பழைய குறு நகைச்சுவை. பெரும்பாலும் அரைமணிக்குள் முடிந்துவிடும். எஜமானும் வேலைக்காரர்களும்தான் பாத்திரங்கள். ஒரு கதையில், எஜமான் வெளியே போகும்போது வேலைக்காரர்கள் சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்துவிடக் கூடாது என்று ஒருவனுடைய இரண்டு கைகளையும் தோளில் வைத்த கழியோடு கட்டிவிடுகிறார், இன்னொருவனுக்குக் கையைப் பின்னால் கட்டிவிடுகிறார். இருவரும் அப்படியே குடித்துத் தீர்க்கிறார்கள். இதற்கு எதற்கு மொழி? டோக்கியோவில் சென்தாகயா பக்கம் 1983இல் திறந்த தேசிய நோ அரங்கில் ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் சிறு திரை உண்டு. ஆங்கில வசனமும் அதில் ஓடும்.

அடுத்தது ஒசாகாவின் ஷின்கிகெகி. அடிதடியும் விழுந்து எழுதலுமாக ஓடும் முழு நாடகம். அதற்கப்புறம் யோசே அரங்குகள். ரக்குகோ என்ற உட்கார்ந்து சொல்லும் கதைதான் இங்கே பிரதானம், இடையிடையே வேறு வித்தைகளும் உண்டு. பெண்கள் மட்டுமே நடிக்கும் தக்கராஸுகா இசை நாடகம் இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதில் வசனம் புரியாவிட்டாலும் கண்ணும் காதும் நிறைந்துவிடும், ஆனால் கதைச்சுருக்கம் படிக்காமல் போனால் முதல் பாதி இழுக்கும்.

கடைசியில் மன்ஸாய். ஒரே மைக்கின் முன்னால் இரண்டு பேர் நின்று மின்னல் வேகத்தில் பேசிக்கொள்வது. தனியாக மன்ஸாய் மட்டும் இரண்டு மணி நேரம் நடக்கும் நிகழ்ச்சிக்கு முதல் பயணத்தில் போக வேண்டாம். நான் போனேன். ஒரு சின்ன அரங்கு, முன்வரிசை. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த நான்கு வாக்கியத்தில் 'நன்றி'யைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அன்றைக்கு மிகப் பெரிய கைத்தட்டல் எனக்குத்தான் கிடைத்தது. எதற்கு என்று இன்று வரை தெரியாது.

வீட்டிலேயே செய்ய வேண்டிய பாடம்

ரக்குகோவுக்குப் போவதாக இருந்தால் மூன்று பழங்கதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பல தலைமுறைகளாகச் சொல்லப்படுபவை. எந்த அரங்கிலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

முதல் கதை 'தோகி சோபா'. ஒரு தந்திரக்காரன் இரவில் தெருவோர நூடுல்ஸ் வண்டிக்காரனிடம் சாப்பிடுகிறான். விலை பதினாறு காசு. ஒவ்வொன்றாக எண்ணிக் கையில் வைக்கிறான். எட்டு வந்ததும், "இப்போது மணி என்ன?" என்கிறான். "ஒன்பது" என்கிறான் வண்டிக்காரன். இவன் உடனே "பத்து, பதினொன்று..." என்று தொடர்ந்து ஒரு காசு மிச்சம் பிடித்துவிடுகிறான். இதைப் பார்த்த ஒரு அசடன் மறுநாள் அதையே செய்ய நினைத்து, அவசரப்பட்டுச் சீக்கிரமே வந்துவிடுகிறான். எட்டு வரை எண்ணி மணி கேட்கிறான். பதில்: "நான்கு." "ஐந்து, ஆறு..." என்று மறுபடி மேலே ஏறவேண்டியதுதான். டோக்கியோ 'எதோ' என்று அழைக்கப்பட்ட அந்தக் காலத்து மணிக்கணக்கில் நள்ளிரவு 'ஒன்பது', அதற்கு முந்தைய பொழுது 'நான்கு'. இந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் முடிவு புரியாது. இது தெரிந்தால், மேடையில் ஒருவர் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்ததுமே நீங்களும் காத்திருக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

மற்ற இரண்டு: தனக்கு மஞ்ஜு என்ற இனிப்பு உருண்டையைக் கண்டாலே பயம் என்று நடித்து, நண்பர்கள் பயமுறுத்த வாங்கி வந்து குவிப்பதை எல்லாம் தின்று தீர்ப்பவன் கதை 'மஞ்ஜு கோவாய்'. மகன் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று மங்களமான பெயர்களை எல்லாம் சேர்த்து வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காரியம் கெட்டுப்போகும் 'ஜுகெமு'. இரண்டாவதில் அர்த்தமே தேவையில்லை. மூச்சுவிடாமல் அந்தப் பெயர் நான்காவது முறை வரும்போது சிரிப்பு தானாக வரும்.

மன்ஸாய்க்கு இரண்டு சொற்கள் போதும். அசட்டுத்தனமாகப் பேசுபவர் 'போகே'. அவரைத் திருத்துபவர், சில சமயம் தலையில் ஒரு தட்டும் தட்டுபவர் 'த்ஸுக்கோமி'. ஒசாகாப் பேச்சில் த்ஸுக்கோமி அடிக்கடி சொல்வது "நான்தே யா நென்", கிட்டத்தட்ட "என்னடா இது!". யார் போகே, யார் த்ஸுக்கோமி என்று முதல் நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் தாளம் பிடிபடும்.

தக்கராஸுகாவுக்கு, அந்தந்தக் காலத்தில் ஓடும் நாடகத்தின் கதைச்சுருக்கம் அவர்களுடைய ஆங்கில இணையதளத்திலேயே இருக்கும். இரண்டு முறை படியுங்கள். முக்கியப் பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, யார் யாருக்கு என்ன உறவு என்று கோடு போட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வேறு மொழியில் தெரிந்த கதை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். உதாரணமாக, 1992இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் அரங்கேறிய 'எலிசபெத்' இசை நாடகத்தை 1996 முதல் தக்கராஸுகா திரும்பத் திரும்ப மேடையேற்றுகிறது. ஷிகி என்ற இன்னொரு பெரிய குழு 1998இலிருந்து டோக்கியோவில் 'லயன் கிங்'கை ஜப்பானியத்தில் நடத்திவருகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி.

டிக்கெட்

யோசேவுக்கு முன்பதிவு பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வாசலில் வாங்கிக்கொண்டு உள்ளே போய், காலியான இடத்தில் உட்காரலாம். டோக்கியோவில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நடப்பவை நான்கு: உயெனோவில் சுஸுமோத்தோ, ஷின்ஜுகுவில் சுயெஹிரோ-தெய், அப்புறம் அசாகுசா, இகெபுகுரோ அரங்குகள். கட்டணம் 3,000 யென்னை ஒட்டி இருக்கும். ரொக்கமாக வைத்திருங்கள். மதியக் காட்சி, மாலைக் காட்சி என்று இரண்டு. சில அரங்குகளில் சாதாரண நாட்களில் மதியம் நுழைந்தவர் இரவு வரை உட்கார்ந்திருக்கலாம்.

நாள் பார்த்துப் போவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிகழ்ச்சிப் பட்டியல் பத்து பத்து நாளாக மாறும்: 1 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் 30. 31ஆம் தேதி கணக்கில் மிஞ்சும் நாள் என்பதால் அன்று சிறப்பு நிகழ்ச்சி, டிக்கெட்டும் தனியாக இருக்கக்கூடும். ஜனவரி முதல் பத்து நாளில் கூட்டம் நெரியும். கலைஞர்கள் அதிகம், ஆளுக்குச் சில நிமிடமே கிடைக்கும். களை கட்டும், ஆனால் முழுக்கதை கேட்க வாய்ப்பு குறைவு. முதல் முறை போகிறவர் சாதாரணச் செவ்வாய், புதன் மதியமாகப் பார்த்துப் போவதே மேல்.

ஒசாகாவில் நம்பா கிராண்ட் ககெத்ஸு அரங்குக்கு முன்பதிவு செய்யுங்கள், அதிலும் வார இறுதி என்றால் கட்டாயம். 1912இல் தொடங்கிய யோஷிமோத்தோ நிறுவனத்தின் அரங்கு இது. 1987இல் திறந்தது, 858 இருக்கைகள். டிக்கெட் 5,000 யென் அளவில்.

தக்கராஸுகாதான் சிரமம். பிரபலமான நாடகம் என்றால் விற்பனை திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஒரே நாடகம் முதலில் ஹியோகோ மாகாணத்துத் தக்கராஸுகா நகரில் ஓடி, அப்புறம்தான் டோக்கியோ ஹிபியா அரங்குக்கு வரும். முதல் ஊரில் டிக்கெட் கிடைப்பது கொஞ்சம் சுலபம் என்பது என் அனுபவம். இருக்கைகளும் அங்கே அதிகம், சுமார் 2,550. ஒசாகா-உமெதாவிலிருந்து ஹான்க்யூ ரயிலில் அரைமணிக்குச் சற்று மேல். ஜப்பானிய டிக்கெட் தளங்கள் பலவற்றில் உள்ளூர்க் கைபேசி எண்ணும் காதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் பெயரும் கேட்டு வழி அடைபடும். ஆங்கிலப் பக்கம் இருந்தால் அதில் வாங்குங்கள். இல்லாவிட்டால் தங்கும் விடுதி வரவேற்பில் பணிவாகக் கேட்டால் உதவுவார்கள். இடைத்தரகரிடம் மட்டும் வாங்காதீர்கள்; மறுவிற்பனை டிக்கெட் என்று தெரிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

யோசேயின் உள்ளே

வாசலில் முரசு கேட்டால் கொஞ்சம் நின்று கேளுங்கள். அரங்கு திறக்கும்போது அடிக்கும் அடியை "தொன் தொன் தொந்தோ கோய்" என்று சொல்வார்கள். 'நிறைய வாருங்கள்' என்று கூப்பிடுவது. உள்ளே போனதும் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். எழுத்துப் புரியவில்லையா, நிறத்தைப் பாருங்கள். கறுப்பு எழுத்துப் பெயர்கள் கதை சொல்லிகள். சிவப்பு எழுத்தில் இருப்பவர்கள் 'இரோமோனோ', அதாவது பாட்டு, மாயவித்தை, பந்து உருட்டல், மன்ஸாய் போன்ற மற்ற வித்தைக்காரர்கள். மொழி தெரியாதவருக்குச் சிவப்புதான் இளைப்பாறும் இடம். எத்தனை கறுப்புக்கு ஒரு சிவப்பு என்று எண்ணி வைத்துக்கொண்டால் களைப்பில்லாமல் உட்காரலாம்.

சிவப்புப் பெயர்களில் 'காமிகிரி' வந்தால் விடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாள், ஒரு கத்தரிக்கோல். கலைஞர் உட்கார்ந்த நிலையில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே தாளை வெட்டுவார். கத்தரி அசைவதைவிடத் தாள்தான் அதிகம் சுழலும். பின்னால் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்திய வாசிப்பு. வெட்டி முடித்ததும் தாளைக் கறுப்புப் பின்னணியில் வைத்துக் காட்டுவார். குடை பிடித்த பெண், குதிரை, மீன் பிடிக்கும் கிழவர், எல்லாம் ஒரே தாளில், ஒரே வெட்டில். பிறகு பார்வையாளர்களிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்பார். கையைத் தூக்கி, 'யானை' என்பதற்கு 'ஸோ' என்று உரக்கச் சொல்லுங்கள். வெட்டிய படத்தை உங்களுக்கே கொடுத்துவிடுவார். நான் வாங்கி வந்த யானையின் தும்பிக்கை நூலளவு மெலிசு. பயணப் புத்தகத்தின் நடுவில் வைத்துக் கொண்டுவந்தும் நுனி போய்விட்டது. அட்டை உறை ஒன்று கையோடு எடுத்துப் போங்கள்.

கதை சொல்லி வந்தால் கையைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். அவரிடம் இருப்பவை ஒரு விசிறியும் ஒரு துணியும்தான். தலையை வலப்பக்கம் திருப்பினால் ஒரு ஆள், இடப்பக்கம் திருப்பினால் எதிராளி. விசிறி நூடுல்ஸ் தின்னும் குச்சியாகும், புகைக்குழலாகும், வாளாகும். உறிஞ்சும் சத்தம் கேட்டால் அது சோபா, அதாவது நூடுல்ஸ். நன்றாக உறிஞ்சுபவருக்குக் கதையின் நடுவிலேயே கைத்தட்டல் விழும். தயங்காமல் சேர்ந்து தட்டுங்கள்.

கதைக்கு முன்னால் 'மாகுரா' என்று ஒரு பொதுப்பேச்சு வரும். அரங்கில் எப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாடி பிடிக்கிற இடம் அது. முன்வரிசையில் வெளிநாட்டு முகம் தெரிந்தால் உங்களை வைத்தே ஒரு வரி போடுவார். சிரித்துத் தலையசைத்தால் போதும். அது பிடிக்காதவர்கள் நான்காவது வரிசைக்குப் பின்னால் உட்காருங்கள்.

வெளியே போகவோ உள்ளே வரவோ ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறும் இடைவெளியில் மட்டுமே. நேரம் இல்லாவிட்டால் நடுவில் கிளம்பலாம், குற்றமில்லை. ஆனால் கடைசியாக வரும் 'தோரி'தான் அன்றைய தலைமைக் கலைஞர். மற்றவர்களுக்குக் கால்மணி நேரம் என்றால் அவருக்கு அரைமணி அளவு. எதையாவது விடவேண்டுமென்றால் ஆரம்பத்தை விடுங்கள்.

ஒசாகாவில்

நம்பா அரங்கில் முதல் பாதி மன்ஸாயும் மற்ற சில்லறை வித்தைகளும். புரியாவிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் பாதியில் வரும் ஷின்கிகெகிக்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். 1959இல் தொடங்கிய மரபு இது. வாரம் ஒரு புதிய கதை என்றாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்: ஒரு சாப்பாட்டுக் கடை அல்லது சத்திரம், ஒரு காதல், கடன் வசூலிக்க வரும் முரடர்கள், கடைசியில் சுபம். ஒவ்வொரு நடிகருக்கும் சொந்தமாக ஒரு அசைவோ, ஒரு வாக்கியமோ உண்டு. அவர் வந்ததும் கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால் மேடையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நொடியில் தொப்பென்று விழுவார்கள். மூன்றாவது முறை விழும்போது அது எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெரியவரின் உதடு அசைந்தது போல உங்கள் உதடும் கொஞ்சம் அசையும்.

தக்கராஸுகாவில்

1913இல் ஒரு ரயில் நிறுவன முதலாளி, தன் பாதை முடியும் வெந்நீர் ஊற்று ஊருக்குப் பயணிகளை இழுக்கப் பெண்களின் பாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1914இல் முதல் மேடை. இன்று பூ, நிலா, பனி, நட்சத்திரம், அண்டவெளி என்று ஐந்து அணிகள். ஆண் வேடமும் பெண்களே. ஆண் வேடக்காரர் 'ஓதோகோயாகு', பெண் வேடக்காரர் 'முஸுமேயாகு'. ஒவ்வொரு அணிக்கும் ஒரு 'டாப் ஸ்டார்', எப்போதும் ஓதோகோயாகுதான். மேடையில் யார் எங்கே நிற்கிறார், யார் மீது வெளிச்சம், யார் கடைசியில் வருகிறார் என்பதெல்லாம் இந்தப் படிநிலையைக் காட்டும்.

வழக்கமான நிகழ்ச்சி மூன்று மணி நேரம். முதலில் ஒன்றரை மணி நேர இசை நாடகம், அரைமணி இடைவேளை, பிறகு ஆட்டமும் பாட்டுமான ரெவ்யூ. கதையில் மயங்கி வழி தவறினாலும் இரண்டாம் பாதியில் மீண்டுவிடலாம். அதில் கதையே இல்லை. இடைவேளையில் கழிப்பறை வரிசையைப் பார்த்து அஞ்சாதீர்கள், அசுர வேகத்தில் நகரும். ஆனால் முதலில் அதற்குப் போங்கள், சாப்பாடு பிறகு.

டாப் ஸ்டார் முதலில் தோன்றும்போது கைத்தட்டல் எழும். எங்கே தட்டுவது என்று பழைய ரசிகர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அரை நொடி பின்னால் தட்டினால் தவறே வராது. கூச்சல், விசில் கூடாது. இருக்கையின் முதுகில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். முன்னால் குனிந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறையும் என்று நிகழ்ச்சிக்கு முன்பே அறிவிப்பார்கள். தொப்பி, உச்சிக்கொண்டை இரண்டும் வேண்டாம். பைனாகுலர் அவசியம். மேல்தளத்திலிருந்து முகபாவம் தெரியாது, இங்கே பாதி நடிப்பு கண்ணில்தான்.

கடைசியில் மேடை முழுக்க 26 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு எழும். படியின் அகலம் ஒரு சாண்தான், 23 செ.மீ. பாதம் முழுதாகப் பதியாது. ஒருவரும் கீழே பார்க்காமல், பாடிக்கொண்டே இறங்குவார்கள். இளையவர்கள் முதலில், பிறகு ஒவ்வொரு படிநிலையாக. சிறகுகள் பெரிதாகிக்கொண்டே போகும். முதுகில் ஆளைவிடப் பெரிய சிறகு விரிய டாப் ஸ்டார் கடைசியில் வருவார். ஒரு சொல் புரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த நான் அந்த இடத்தில் எழுந்து நிற்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

கைபேசி பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை

மொழிபெயர்ப்புச் செயலியை நிகழ்ச்சியின் நடுவே திறக்காதீர்கள். இருட்டில் அந்த வெளிச்சம் மூன்று வரிசைக்குத் தெரியும், படம் எடுப்பதாகவும் நினைப்பார்கள். படமும் ஒலிப்பதிவும் எங்கும் கூடாது. போதாததற்கு, செயலி நகைச்சுவையை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த மூன்று நகைச்சுவை போய்விட்டிருக்கும். சந்தேகத்தைத் தாளில் குறித்துக்கொண்டு இரவு தேடிப் பாருங்கள். உடையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சாப்பாடு விஷயத்தில் அரங்குக்கு அரங்கு விதி வேறு: பொதுவாக யோசேயில் இருக்கையிலேயே சாப்பிடலாம், தக்கராஸுகாவில் வெளிக்கூடத்தில் மட்டும். வாசலில் இருக்கும் படக்குறியைப் பாருங்கள்.

யோசேயில் தோரி தலைவணங்கியதும் திரை இறங்கும், மறுபடி முரசு கேட்கும். இந்த முறை அடி வேறு. "தெத்தெகே, தெத்தெகே" என்று அதைச் சொல்வார்கள். அர்த்தம் 'வெளியே போ, வெளியே போ'. குப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.